புரட்டாசியில் முடிந்தது ஐப்பசியில் ஏன் முடிவதில்லை? உதவாத பழக்கங்களைக் கண்டுபிடித்து மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் சாப்பாடு இறங்காத வீடுகளில்கூடப் புரட்டாசி பிறந்துவிட்டால் கறிச்சட்டி பரணுக்குப் போய்விடுகிறது. யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மாதத்தைக் கழிப்பதில்லை. வீட்டில் சமைப்பதில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வாசனை வருவதில்லை, வேலையிடத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவர் டப்பாவிலும் சாம்பார் சாதம்தான். ஐப்பசி முதல் ஞாயிறு பாருங்கள், கறிக்கடை வாசலில் வரிசை நிற்கும். மார்கழியும் இப்படித்தான். கோலம் போட ஐந்து மணிக்கு முன்னால் எழுந்த அதே பெண், தை பிறந்த சில நாட்களில் ஆறரை மணி அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுக்கிறார்.

மார்கழியில் அவருக்கு மன உறுதி கூடித் தையில் குறைந்துவிட்டதா என்ன? இல்லை. தெருவே எழுந்திருந்தது, கோயிலில் பாட்டு கேட்டது, எதிர்வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. தையில் அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. பழக்கம் நம் குணத்தில் இருப்பதைவிட, நாம் இருக்கும் இடத்திலும் நேரத்திலும்தான் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நான் சோம்பேறி", "எனக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று தங்களைத் திட்டிக்கொண்டே வருடங்களைக் கழிக்கும் நல்ல மனிதர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் அப்படிச் சில வருடங்கள் இருந்தேன். திட்டுவதால் ஒன்றும் மாறாது. எதனால் மாறும் என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

நம் நாளில் எவ்வளவு பங்கு தானாக ஓடுகிறது என்பது நமக்கே தெரியாது. 2002இல் வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் மாணவர்களிடம், மணிக்கு ஒருமுறை அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். எழுதிய செயல்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு, அநேகமாகத் தினமும் அதே இடத்தில் செய்பவை. அவற்றைச் செய்யும்போது மனம் பெரும்பாலும் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தது. கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். அதனால்தான் "எங்கே போகிறது என் நேரம்?" என்று யோசித்துப் பார்த்தால் பதில் வருவதில்லை. எழுதினால் வரும்.

நோட்டில் ஐந்து விஷயங்கள் போதும்: மணி, இடம், கூட யார், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அப்போது மனசு எப்படி இருந்தது. நான் எழுதிய ஒரு பக்கத்திலிருந்து: "செவ்வாய், இரவு 9.40. ஹால் சோபா, தனியாக. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். மேலாளர் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. போனை எடுத்தேன். வைத்தபோது 11.15." நான்கு நாள் கழித்துப் பார்த்தால் அதே சோபா, அதே கை கழுவல், அநேகமாக அதே மணி. மேலாளர் மட்டும் சில நாள் இல்லை.

போன் விஷயத்தில் நினைவை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்றும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்றும் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டும் 2018இல் வந்தவை. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் தொட்டோம் என்று அது காட்டும். மொத்த நேரத்தைவிட அந்த "எத்தனை முறை" என்ற எண்தான் என்னை உலுக்கியது. அதை நோட்டின் மூலையில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உங்களைத் திருத்திக்கொள்ள முயலாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் பொய் எழுதத் தோன்றும்.

இரண்டாம் படி: எது உதவாத பழக்கம் என்று தீர்மானிப்பது

இங்கே நிறையப் பேர் தங்களுக்கே அநியாயம் செய்துகொள்கிறார்கள். பணம் வராத, படிப்பு சேராத எல்லாமே வீண் என்று ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பது வீண் இல்லை, அவருக்கு அந்த அரை மணி நேரம்தான் பேச்சுத்துணை. மத்தியானத் தூக்கம் வீண் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் நண்பரோடு கழிந்த ஒரு மணி நேரம் நிச்சயம் வீண் இல்லை.

நோட்டில் இருக்கும் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். முடிந்து எழுந்தபோது உடம்பும் மனசும் முன்பைவிட லேசாக இருந்ததா, கனத்ததா? அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் "ஆமாம், இதைச் செய்யத்தான் நினைத்திருக்கிறேன்" என்று சொல்லியிருப்பீர்களா? அது எதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? தூக்கத்தையா, குழந்தையின் பேச்சையா, போட்டுவைத்திருக்கும் தைக்காத துணியையா? மூன்றுக்கும் தவறான பதில் வருவது ஒன்றிரண்டுதான் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தையும் சேர்த்துப் பிடிக்கப்போனால் ஒன்றும் கைக்கு வராது.

மூன்றாம் படி: அது உங்களுக்கு என்ன தருகிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். எந்தப் பழக்கமும் சும்மா ஒட்டிக்கொள்வதில்லை. ஏதோ ஒரு பசிக்கு அது சோறு போடுகிறது. என்ன பசி என்று தெரியாமல் தட்டை மட்டும் பிடுங்கினால் பசி அப்படியே இருக்கும்.

இரவில் நேரம் கழித்துத் தூங்குவதை எடுத்துக்கொள்வோம். 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார்கள், படுக்கையைத் தள்ளிப்போடுதல் என்று. வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லை, தூக்கமும் வருகிறது, ஆனாலும் படுக்கப் போவதில்லை. நம் வீடுகளில் இதை அதிகம் செய்பவர் யார் என்று கவனியுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து டிபன், மதியச் சாப்பாடு, பள்ளிக்கூட வேன், பிறகு தன் வேலை, திரும்பி வந்து மாவு அரைப்பு, வீட்டுப்பாடம், பாத்திரம் என்று ஓடிய ஒரு பெண், இரவு பத்தரை மணிக்குத்தான் "அப்பாடா" என்று உட்காருகிறார். பகல் முழுக்க அடுத்தவர் நேரம். அந்தப் பத்தரை மணி மட்டும்தான் அவருடையது. அதை விட்டுத் தூங்கப் போக மனசு வராது. போனில் என்ன ஓடுகிறது என்பது அவருக்கு முக்கியமே இல்லை, யாரும் கூப்பிடாத அந்த அமைதிதான் வேண்டியிருக்கிறது.

இவரிடம் "போனை வைத்துவிட்டுச் சீக்கிரம் படு" என்று சொல்வது எவ்வளவு அபத்தம்! இவருக்கு மருந்து, பகலிலோ சாயங்காலத்திலோ யாரும் தொடாத முப்பது நிமிடம். அதற்கு வீட்டில் மற்றவர்கள் எழ வேண்டும். இரவுப் பாத்திரத்தை வீட்டுக்காரர் கழுவட்டும், பதினைந்து வயதுப் பையன் மறுநாள் காய் நறுக்கி வைக்கட்டும். சில பழக்கங்களுக்குத் தனி ஆள் காரணமே இல்லை, வீட்டு வேலை பங்கு பிரிந்திருக்கும் விதம்தான் காரணம். இதை எழுதாத எந்த வழிகாட்டியையும் நான் நம்புவதில்லை.

நாலு மணி பஜ்ஜிக்குப் பின்னால் பசியைவிட, நாற்காலியை விட்டு எழும் ஆசை இருக்கலாம். அடிக்கடி வாட்ஸ்அப் பார்ப்பதற்குப் பின்னால் யாராவது நம்மை நினைத்திருப்பார்களா என்ற ஏக்கம் இருக்கலாம். நீங்கள் எழுதிய ஐந்தாவது விஷயம், மனசு எப்படி இருந்தது என்பது, இங்கேதான் கைகொடுக்கும். கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனையும் உண்டு. நாலு மணிக்குப் பஜ்ஜிக்குப் பதில் ஒரு நாள் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், ஒரு நாள் யாரிடமாவது பேசுங்கள், ஒரு நாள் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். எந்த நாளில் பஜ்ஜி ஞாபகம் அடங்கியதோ, அதுதான் உங்கள் பசி.

போனைப் பொறுத்தவரை இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. பக்கத்தின் அடிவரை வந்தால் நிற்போம். அந்த அடியே இல்லாமல் செய்யும் முடிவில்லாத ஸ்க்ரோலை 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் வடிவமைத்தார். பிறகு அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே சொன்னார். அதற்கும் முன்பே, பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து ஒன்றைக் காட்டியிருந்தார். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா நிதானமாக இருக்கும். எப்போது விழும் என்று தெரியாமல் விட்டு விட்டு விழுந்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். பத்து வீடியோ சப்பென்று போய், பதினோராவது சிரிக்க வைக்கிறதே, அதே கணக்குதான். உங்கள் கட்டைவிரல் நிற்காததற்கு உங்கள் குணம் மட்டும் காரணமில்லை.

நான்காம் படி: இடத்தை மாற்றுங்கள்

2011இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. திரையரங்குக்கு வந்தவர்களுக்குச் சிலருக்குப் புதிய பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரம் பழையது. எப்போதும் படம் பார்க்கும்போது பாப்கார்ன் சாப்பிடும் வழக்கம் உள்ளவர்கள், பழையது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். அதையே ஒரு கூட்ட அறையில் கொடுத்தபோது அப்படித் தின்னவில்லை. திரையரங்கிலேயே வழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் பழையதைக் குறைவாகத்தான் தின்றார்கள். ருசியே இல்லாததைக்கூட இடம் தின்னவைக்கிறது. இடம் மாறினாலோ கை மாறினாலோ மனசு விழித்துக்கொள்கிறது. புரட்டாசிக் கறிச்சட்டியும் பரணுக்குப் போவதால்தான் மாதம் சுலபமாகக் கழிகிறது.

அதனால் விட வேண்டியதைத் தூரமாக்குங்கள், வேண்டியதைப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் செய்தவற்றைச் சொல்கிறேன்.

போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து, ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்து பிளக்கில் போட்டேன். "அலாரத்துக்குப் போன் வேண்டுமே" என்ற சாக்கு போக ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கினேன். இந்த இரண்டு மாற்றமும் செய்த அளவுக்கு வேறு எதுவும் எனக்கு உதவவில்லை. அதிகம் இழுக்கும் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். கணக்கு அப்படியே இருக்கிறது, வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் திறக்கலாம், ஆனால் திறக்க எழுந்து போக வேண்டும். குடும்பத்தினர், வேலையிடம் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்தினேன். பிஸ்கட் கண்ணாடி ஜாடியிலிருந்து மேல் அலமாரித் தகர டப்பாவுக்குப் போனது. வேர்க்கடலை ஜாடி கீழே வந்தது. வாங்கத் தூண்டும் செயலிகளில் சேமித்திருந்த கார்டு விவரங்களை அழித்தேன். ஒவ்வொரு முறையும் பதினாறு எண்களை அடிக்க வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடுகிறது. சோபாவை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போட்டதும் உதவியது, ஏன் என்று பாப்கார்ன் கதை படித்த பிறகுதான் புரிந்தது.

கூட இருப்பவர்களும் இடத்தின் ஒரு பகுதிதான். அப்பா போனைப் பார்த்துக்கொண்டே மகனிடம் "போனை வை" என்றால் எந்த வீட்டிலும் நடக்காது. எட்டரை மணிக்கு எல்லாப் போனும் அதே அலமாரிக்குப் போகட்டும்.

ஐந்தாம் படி: காலி இடத்தை நிரப்புங்கள்

பழக்கத்தை அழிப்பதைவிட, அந்த இடத்தில் இன்னொன்றை உட்காரவைப்பது சுலபம். நகம் கடிப்பவர்களுக்கு 1973இல் நேதன் அஸ்ரின், கிரகரி நன் என்ற இருவர் ஒரு முறையை எழுதினார்கள். இன்றும் உளவியல் நிபுணர்கள் அதைக் கற்றுத்தருகிறார்கள். கை வாய்க்குப் போவதை முதலில் கவனிக்கப் பழக வேண்டும். போகும் கணத்தில் ஓரிரு நிமிடம் முஷ்டியை மூடி வைத்துக்கொள்ள வேண்டும். முஷ்டி மூடியிருக்கும்போது நகம் கடிக்க முடியாது, அவ்வளவுதான்.

இதைச் சொந்தமாக்க, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடம் ஆராய்ந்து, இப்படி எழுதுவது வெறும் ஆசையைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறார். "இனி நிறையப் படிப்பேன்" என்பது ஆசை. "பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்ததும் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பேன்" என்பது ஏற்பாடு. எனது வரி: "ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் மொட்டை மாடிக்குப் போவேன்." கை கழுவுவதுதான் சோபாவுக்கு என்னை அழைத்துப்போன வாசல் என்று நோட்டு காட்டியதால் அதே வாசலில் இதை நிறுத்தினேன். உங்கள் வரி உங்கள் நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். தள்ளிப்போடுபவர் பெரும்பாலும் வேலைக்குப் பயந்தவர் இல்லை. வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் நிற்பவர். "வீட்டுப் பத்திர வேலையை முடிக்கணும்" என்று எழுதினால் ஆறு மாதம் அப்படியே கிடக்கும். "ஞாயிறு காபி குடித்ததும் பீரோவில் கீழ்த்தட்டுப் பச்சை ஃபைலை எடுத்து மேசைமேல் வைக்கணும்" என்று எழுதுங்கள். கையால் செய்யக்கூடியதாக, ஐந்து நிமிடத்தில் முடிவதாக இருக்க வேண்டும்.

எத்தனை நாள் ஆகும்?

இருபத்தொரு நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனமுடைந்தவர்கள் நிறைய. 2009இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்ன நல்ல பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த 12 வாரப் போக்கை வைத்துக் கணித்தபோது, அது தானாக ஓட ஆரம்பிக்க ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடு அளவு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. புதிய பழக்கம் ஒன்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு நாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு, அடுத்த திங்கள்கிழமை பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். திங்கள்கிழமை வரை இருக்கும் நாலு நாள்தான் பழைய பழக்கத்துக்குத் திரும்ப இடம் கொடுக்கிறது. நோட்டை எடுத்து மணி, இடம், முன்னால் நடந்தது என்று எழுதுங்கள். மறுநாள் அதே மணிக்கு மறுபடி ஆரம்பியுங்கள். வீட்டில் யாராவது மாற முயன்று சறுக்கினால் குத்திக்காட்டாதீர்கள், தயவுசெய்து.

நோட்டும் பேனாவும் போதாத இடங்கள்

தினமும் அதிகமாகக் குடித்துப் பல வருடம் ஆனவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். சிகரெட், புகையிலைக்கு இந்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 2356. பணம் வைத்து விளையாடிக் கடனில் சிக்கியவர்கள் அதை மறைக்கும் ஒவ்வொரு நாளும் கடன் வளரும், முதலில் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். முன்பு பிடித்த எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிடிக்கவில்லை, எழவே முடியவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

கடைசிப் படி: மீண்ட நேரத்தை யாருக்குக் கொடுப்பது

தினமும் இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 730 மணி. முழுசாக முப்பது பகலும் முப்பது இரவும். முக்கால் மணி நேரம் மீட்டால்கூட வருடத்துக்கு 270 மணிக்கு மேல். ஆனால் மீட்ட நேரத்துக்கு முன்கூட்டியே ஒரு சொந்தக்காரரைக் காட்டாவிட்டால், வேறொரு செயலியோ வேறொரு அரட்டையோ வந்து உட்கார்ந்துவிடும். நான் முதல் தடவை தோற்றது இதனால்தான். போனை அலமாரியில் வைத்துவிட்டு டிவி முன் உட்கார்ந்தேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர் எழுதுங்கள். ஒன்று ஒரு மனிதர், ஒன்று உடம்புக்கானது, ஒன்று கையால் செய்வது. பெரிய லட்சியம் வேண்டாம். அத்தையைப் போய்ப் பார்ப்பது, அரை மணி நடை, பாதியில் நிற்கும் எம்பிராய்டரி, பத்தாம் வகுப்போடு விட்ட மிருதங்கம், இப்படி. அதற்கு நாளும் மணியும் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்று பேருக்கும் எவ்வளவு நேரம் கிடைத்தது என்று பாருங்கள். ஒன்று பொருந்தவில்லை என்றால் அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

என் பக்கத்தில் முதல் பெயர் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது இருவரும் மொட்டை மாடியில் நடக்கிறோம். மூட்டு வலியால் அவருக்குப் பத்துச் சுற்றுக்கு மேல் முடியாது, பிறகு தண்ணீர்த் தொட்டி திண்டில் உட்கார்ந்துகொள்வோம். மில்லில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். கோன் வைண்டிங் பிரிவில் இரவு ஷிப்டில் நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவார்கள் என்று போன வாரம் என் சட்டைப் பொத்தானிலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் காட்டினார். மூன்று தடவை போட்டுப் பார்த்தும் எனக்கு அந்த முடிச்சு வரவில்லை. இன்றைக்கு ராத்திரி மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறேன்.